மீத்தேன் லேசர் சென்சார்: சிமுலேஷன் ஒண்ணு சொல்லுது, டேபிள் மேல இருக்கற செட்டப் வேற சொல்லுது

வாயுபுத்திரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வீடுகளுக்கு பைப்ல வர்ற கேஸ் எங்கயாவது லீக் ஆச்சுன்னா கண்டுபிடிக்கற மாதிரி ஒரு லேசர் சென்சார் பண்ணிட்டு இருக்கோம். டிஎஃப்பி டையோடு லேசர் (ஒரே அலைநீளத்துல வெளிச்சம் குடுக்கற சிப்), 1653.7 நானோமீட்டர், மீத்தேனோட ஆர்(3) கோடு, அதாவது மீத்தேன் உறிஞ்சற அலைநீளங்கள்ல ஒண்ணு. 50 செ.மீ. நீளத்துல ஒரு செல், ரெண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல், உள்ள 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு) மீத்தேன் இருக்கற சிலிண்டர் கேஸ். லேசர் கரண்ட்ல மெதுவா ஒரு ராம்ப், அது மேல 10 கிலோஹெர்ட்ஸ் சைன் வேவ் ஏத்தி, டிடெக்டர்ல வர்றத லாக்-இன்ல (குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சிய மட்டும் பிரிச்சு எடுக்கற கருவி) போட்டு 2எஃப் (சைனோட ரெண்டு மடங்கு ஃப்ரீக்வென்சி), 1எஃப் (அதே ஃப்ரீக்வென்சி) ரெண்டையும் எடுத்து, 2எஃப்ப 1எஃப்பால வகுத்துப் பாக்கறோம். லேசர் பவர் ஏறி இறங்கினாலும் ரேஷியோ மாறாதுல்ல, அதுக்காக.

மாடல் பைத்தான்ல எழுதினேன். ஹிட்ரான்ல (வாயுக்களோட உறிஞ்சல் கோடுங்க இருக்கற டேட்டாபேஸ்) இருந்து கோடுகள எடுத்து, அதோட ஹாப்பி லைப்ரரில வாய்ட் ப்ரொஃபைல் (கோட்டோட வடிவம்), அப்புறம் பீர்-லாம்பர்ட் (எவ்வளவு வெளிச்சம் உறிஞ்சப்படும்ங்கற விதி), அப்புறம் டேட்டாஷீட்ல இருக்கற நம்பர வச்சு சைன் மாடுலேஷன், கடைசியா சாஃப்ட்வேர் லாக்-இன். எல்லாம் சுத்தமா ஓடுது. ஆனா செட்டப்புல வர்ற 2எஃப்/1எஃப் பீக் மாடல விட சுமார் 30 சதவீதம் கம்மியா இருக்கு, எப்ப எடுத்தாலும் கம்மிதான். ரெண்டாவது தலைவலி, வெறும் நைட்ரஜன ஓடவிட்டாலும் ஜீரோ வர மாட்டேங்குது, அதுவும் ரூம் ஏசி ஆன் ஆஃப் ஆகறப்பல்லாம் மேலயும் கீழயும் ஆடுது.

என் ஆராய்ச்சி கைட் என்ன சொல்றார்னா "ஒரு ஸ்கேலிங் ஃபேக்டர் போட்டு மேட்ச் பண்ணிட்டு பேப்பர எழுது". எனக்கு மனசு ஒப்பல. எங்க இடிக்குதுன்னு யாராவது சொல்லுங்க.

அலைநீளம்

30 சதவீதம்னதும் எனக்கு யூனிட் மேல சந்தேகம் வரல. யூனிட் குளறுபடின்னா ரெண்டு மடங்கு, நாலு மடங்கு, இல்லன்னா பத்தாயிரம் மடங்குன்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி போகும். இருந்தாலும் ஒரு தடவ கையால கணக்குப் போட்டுப் பாத்துடு, அஞ்சு நிமிஷ வேலை.

ஹிட்ரான் ஸ்டேண்டர்ட் வெப்பநிலை 296 கெல்வின், ஒரு அட்மாஸ்ஃபியர்ல ஒரு கன செ.மீ.ல 2.48×10¹⁹ மூலக்கூறு. அப்ப 1 பிபிஎம்னா 2.48×10¹³. ஆர்(3)ங்கறது ஒத்தக் கோடு இல்ல, 6046.94ல இருந்து 6046.97 செ.மீ.⁻¹ வரைக்கும் நெருக்கி நிக்கற மூணு கோடு, மூணையும் கூட்டினா ஸ்ட்ரெங்த் (உறிஞ்சற பலம்) சுமார் 3.2×10⁻²¹. காத்துல அகலம் சுமார் 0.06 செ.மீ.⁻¹, கவனி, ஹிட்ரான் குடுக்கறது பாதி அகலம், முழு அகலம் இல்ல. லாரன்ட்ஸ் வடிவத்துக்கு (மோதலால அகலமாகற கோட்டோட வடிவம்) உச்சி உயரம் 1 வகுத்தல் பை இன்டு 0.06, அதாவது 5.3. எல்லாத்தையும் பெருக்கு, ஒரு செ.மீ.க்கு 4.2×10⁻⁷ வரும், ஒரு மீட்டருக்கு 4.2×10⁻⁵. மூணு கோடும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிக்கறதாலயும் மூலக்கூறுங்க ஓடறதால வர்ற டாப்ளர் அகலம் கொஞ்சம் சேர்றதாலயும் 4×10⁻⁵க்கு இறங்கும். இந்த நம்பர மனப்பாடம் பண்ணி வச்சுக்கோ, இந்த லைன்ல வேலை பாக்கற வரைக்கும் தினமும் உதவும்: 1 பிபிஎம்-மீட்டருக்கு (1 பிபிஎம் கேஸ் ஒரு மீட்டர் பாதைல) 4×10⁻⁵.

உன்னோடது 1000 பிபிஎம், அரை மீட்டர், அப்ப 500 பிபிஎம்-மீட்டர், உச்சில அப்சார்பன்ஸ் (வெளிச்சம் உறிஞ்சப்படற அளவு) 0.02. உன் மாடல் அது பக்கத்துல காட்டுதா?

இன்னொன்னு, ஹாப்பில ஹிட்ரான் யூனிட் வேணுமா வேணாமான்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. வேணாம்னு போட்டா ஒரு செ.மீ.க்கான கோஎஃபிஷியன்ட் வரும், ஆனா அது மொத்த ப்ரெஷரும் மீத்தேன்னு நெனச்சு வர்ற நம்பர். மீத்தேன் மொத்தத்துல எத்தனை பங்குங்கற மோல் ஃபிராக்‌ஷன நாமதான் பெருக்கணும். இங்கதான் நெறைய பேர் சறுக்குவாங்க.

வாயுபுத்திரன்

ரொம்ப நன்றிண்ணா. செக் பண்ணிட்டேன், மாடல் 0.0198 காட்டுது, மோல் ஃபிராக்‌ஷனும் பெருக்கியிருக்கேன். கை கணக்கும் மாடலும் ஒத்துப்போகுது. செட்டப்தான் ஒத்துப்போகல.

ஆப்டிக்ஸ்_அக்கா

தம்பி, ஸ்பெக்ட்ரத்த விடு. ஹிட்ரான் 1960கள் கடைசில அமெரிக்க விமானப்படை லேபுல ஆரம்பிச்சு, 1973ல முதல் தொகுப்பு வெளிவந்து, இப்ப ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் மையத்துல இருக்கறவங்க பாத்துக்கறாங்க. அரை நூற்றாண்டா உலகத்துல இருக்கற லேபெல்லாம் தட்டிக் கொட்டி சரி பண்ணின டேட்டா, அதுலயும் மீத்தேன் 1.65 மைக்ரான் கோடுங்கறது எல்லாரும் திரும்பத் திரும்ப அளந்த கோடு. அதுல 30 சதவீதம் தப்பு இருக்காது. உன் மாடல்ல பலவீனமான இடம் நீ ஒரே வரில தாண்டிப் போன இடம்: "டேட்டாஷீட்ல இருக்கற நம்பர வச்சு சைன் மாடுலேஷன்".

அந்த நம்பர் என்ன? ஒரு மில்லி ஆம்பியருக்கு இத்தனை பிக்கோமீட்டர்னு போட்டிருப்பான். அது டிசி நம்பர். அதாவது கரண்ட மாத்தி, லேசர் சூடாகி செட்டில் ஆகற வரைக்கும் காத்திருந்து எடுத்தது. இந்த லேசருங்க கரண்ட் கூட்டினா அலைநீளம் நகர்றதுக்கு முக்கிய காரணமே சூடுதான், சிப்புக்குள்ள சின்ன எடம் சூடாகி ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் மாறுது. வினாடிக்கு பத்தாயிரம் தடவ கரண்ட ஏத்தி எறக்கினா அந்தச் சூடு முழுசா ஏற நேரமே இல்ல, அதுக்குள்ள எறங்க ஆரம்பிச்சிடும். அதனால 10 கிலோஹெர்ட்ஸ்ல அதே மில்லி ஆம்பியருக்கு அலைநீளம் கணிசமா கம்மியாதான் நகரும், அதோட பவர் மாறறதுக்கும் அலைநீளம் மாறறதுக்கும் நடுவுல ஒரு ஃபேஸ் லேக் வேற வரும். எவ்வளவு கம்மிங்கறது லேசருக்கு லேசர், ஃப்ரீக்வென்சிக்கு ஃப்ரீக்வென்சி மாறும், டேட்டாஷீட்ல தேடினா கெடைக்காது, அளந்துதான் ஆகணும்.

இப்ப கணக்குக்கு வா. மாடுலேஷன் இண்டெக்ஸ் எம்னு சொல்வோமே, அலைநீள வீச்ச பாதி அகலத்தால வகுத்தது, அது 2.2 இருந்தா 2எஃப் உச்சம்னு படிச்சிருப்ப. லாரன்ட்ஸ் கோட்டுக்கு அங்க 2எஃப் அளவு உச்சி அப்சார்பன்ஸ்ல 0.343 பங்கு. நீ டேட்டாஷீட் நம்பர நம்பி எம் 2.2 வர்ற மாதிரி கரண்ட் வச்சிருப்பன்னு நெனைக்கிறேன். நெஜத்துல எம் 1தான் கெடைச்சிருந்தா அந்தப் பங்கு 0.243. வகுத்துப் பாரு, 29 சதவீதம் கம்மி! அதே நேரம் 1எஃப் எங்கேர்ந்து வருது, பவர் ஏறி இறங்கறதுல இருந்து, அது சூட்டுக்கெல்லாம் காத்திருக்காது, முழுசா வரும். மேல உள்ளது கொறஞ்சு கீழ உள்ளது அப்படியே நின்னா ரேஷியோ கொறையாம என்ன செய்யும்.

இது என் ஊகம்தான், ஆனா பந்தயம் கட்டற அளவு ஊகம். செக் பண்றது ஈஸி. ஒரு இன்ச் ஜெர்மானியம் எட்டலான் (ரெண்டு பக்கமும் இணையான தட்டு, அலைநீளம் நகர நகர வெளிச்சம் ஃப்ரிஞ்ச் ஃப்ரிஞ்சா ஏறி இறங்கும்) லேபுல இருக்கும், இல்லன்னா பக்கத்து லேபுல கடன் வாங்கு. அதோட ஃப்ரிஞ்ச் இடைவெளி சுமார் 0.048 செ.மீ.⁻¹. ராம்ப ஆஃப் பண்ணிட்டு 10 கிலோஹெர்ட்ஸ் சைன் மட்டும் விட்டு, ஒரு அரை சைக்கிள்ல எத்தன ஃப்ரிஞ்ச் போகுதுன்னு ஆசிலோஸ்கோப்ல எண்ணு. எம் 2.2ன்னா வீச்சு 0.132, இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி 0.264, அஞ்சரை ஃப்ரிஞ்ச் வரணும். எவ்வளவு வருதுன்னு வந்து சொல்லு.

ஸ்கேலிங் ஃபேக்டர் மட்டும் போடாத. அது தலகாணிக்கு அடில அழுக்குத் துணிய ஒளிச்சு வைக்கற வேலை.

பட்டறை_முருகேசு

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். நான் இண்டஸ்ட்ரில கேஸ் அனலைசர் சர்வீஸ் பண்றவன், சிமெண்ட் சூளைலேர்ந்து உரக் கம்பெனி வரைக்கும் ஏறி எறங்கியிருக்கேன். இந்த மாடல் கீடலெல்லாம் யாரும் பாக்கறதில்ல. ரெண்டு சிலிண்டர், ஒண்ணு ஜீரோ கேஸ் (அளக்கற வாயு இல்லாதது), ஒண்ணு ஸ்பேன் கேஸ் (அளவு தெரிஞ்சது), நெம்பர அட்ஜஸ்ட் பண்ணு, சீல போடு, கிளம்பு. உள்ள சின்னதா ஒரு சீல் பண்ணின ரெஃபரன்ஸ் செல் வச்சிருப்பாங்க, லேசர் கோட்ட விட்டு நகர்ந்தா அது புடிச்சு இழுத்துட்டு வந்துடும். 30 சதவீதம் கம்மின்னா 1.43ஆல பெருக்கு, வேல முடிஞ்சது. கைட் சொன்னதுல என்ன தப்பு?

அலைநீளம்

முருகேசு அண்ணே, நீங்க சொல்றது நீங்க பாக்கற எடத்துக்கு சரி. அங்க அனலைசர் ஒரே எடத்துல நிக்குது, டெம்பரேச்சர் ப்ரெஷர் ட்ரான்ஸ்மிட்டர் பக்கத்துலயே இருக்கு, மாசாமாசம் நீங்களே சிலிண்டரோட வர்றீங்க. அதோட அந்த அனலைசருக்குள்ள ஒரு கரெக்‌ஷன் டேபிள் ஓடிட்டுதான் இருக்கு, அத கம்பெனிக்காரன் எங்கேர்ந்து எடுத்தான்? இதே மாதிரி ஒரு மாடல்லேர்ந்துதான். நீங்க சீல் உடைச்சுப் பாக்கலங்கறதால அது இல்லைன்னு ஆகாது.

தம்பியோடது வீதில எடுத்துட்டுப் போற சாமான். லேபுல 23 டிகிரில சிலிண்டர் வச்சு 1.43னு போட்டுட்டு, மே மாச மத்தியானம் 40 டிகிரி வெயில்ல எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்னு கணக்குப் போடுவோம். 296 கெல்வின்லேர்ந்து 313. இந்தக் கோட்டோட கீழ்நிலை ஆற்றல் கம்மி, சுழற்சி நிலை ஜே 3தான், சுமார் 63 செ.மீ.⁻¹. அதனால சூடு ஏறினா பார்ட்டிஷன் ஃபங்ஷன்தான் (மூலக்கூறுங்க மேல்நிலைகளுக்குப் பரவறது) ஜெயிக்கும், ஸ்ட்ரெங்த் ஆறரை சதவீதம் எறங்கும். காத்து விரிஞ்சு மூலக்கூறு எண்ணிக்கை அஞ்சரை சதவீதம் கம்மி. கோடு கொஞ்சம் ஒல்லியாகறதால உச்சி நாலு சதவீதம் ஏறும். எல்லாம் சேத்து உச்சி எட்டு சதவீதம் எறங்கும், கோட்டுக்குக் கீழ பரப்பு பாத்தா 12 சதவீதம் கிட்ட. 1.43க்கு இதெல்லாம் தெரியாது.

ப்ரெஷர் விஷயம் இன்னும் வேடிக்கை. இத ஊட்டிக்கு எடுத்துட்டுப் போனா அங்க ப்ரெஷர் 0.77 அட்மாஸ்ஃபியர் பக்கம். எல்லாரும் சிக்னலும் 23 சதவீதம் எறங்கும்னு நெனைப்பாங்க. எறங்காது. மூலக்கூறு கம்மியாகுது, ஆனா மோதலும் கம்மியாகி கோடு அதே அளவு ஒல்லியாகுது, ரெண்டும் கழிஞ்சு உச்சி உயரம் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். மாறறது அகலம்தான், அதனால எம் மாறும், 2.2ல இருந்தது 2.86க்குப் போகும். அங்க 2எஃப் பங்கு 0.332, ஆரம்பத்துல 0.343. மூணு சதவீத வித்தியாசம், அவ்வளவுதான். எம் 2.2ல வைக்கச் சொல்றது சிக்னல் பெருசா இருக்குங்கறதுக்காக மட்டும் இல்ல, அங்க வளைவு தட்டையா இருக்கறதால ப்ரெஷர் ஏறி எறங்கினாலும் பெருசா பாதிக்காது, அதுக்காகவும்தான். அக்கா சொன்ன மாதிரி தம்பி எம் 1ல நின்னா சரிவுல நிக்கறான், அங்க ப்ரெஷர் லேசா மாறினாலே ரீடிங் மாறும்.

யாழ்_ஒளி

வணக்கம். தம்பியின்ர இரண்டாவது பிரச்சினையைப் பற்றி ஒருத்தரும் இன்னும் கதைக்கேல்லை, அதால நான் எழுதுறன்.

நைட்ரஜன் விடேக்க வாற சிக்னல்ல ரெண்டு சாமான் கலந்து கிடக்கு. ஒண்டு ஆடாமல் நிக்கிறது. லேசரின்ர பவர் கரண்டுக்கு நேர்கோடாப் போறதில்லை, கொஞ்சம் வளையும், அந்த வளைவே காஸ் இல்லாட்டியும் சின்னதா ஒரு 2எஃப்பைத் தரும். அது பெரிசா மாறாது, மாடலுக்குள்ள ஒரு டேர்ம் கூடப் போட்டால் அடங்கிடும், இல்லாட்டி நைட்ரஜன்ல எடுத்ததைக் கழிச்சு விடலாம். கழிக்கேக்க ஒரு விசயம், 2எஃப்பின்ர எக்ஸ், வை (லாக்-இன் தாற ரெண்டு கூறு) ரெண்டையும் தனித்தனியாக் கழிக்கோணும், மக்னிற்றியூட்டைக் கழிச்சால் பிழைக்கும்.

மற்றது ஏசியோட ஆடுறது. அது எட்டலான் ஃப்ரிஞ்ச், ரெண்டு பரப்புக்கு இடையில தெறிக்கிற வெளிச்சத்தால வாறது. உங்கட கொலிமேற்றருக்கும் (லேசர் கதிரை இணையாக்கிற லென்ஸ்) முதல் ஜன்னலுக்கும் இடையில எவ்வளவு தூரம்? ஒரு 8 சென்ரிமீற்றர் எண்டு வைப்பம். ஃப்ரிஞ்ச் இடைவெளி 1 வகுத்தல் 16, அதாவது 0.0625 செ.மீ.⁻¹. மீத்தேன் கோட்டின்ர பாதி அகலமும் 0.06. விளங்குதோ? லாக்-இன்னுக்கு ரெண்டும் ஒரே ஆள் மாதிரித்தான் தெரியும். 50 சென்ரிமீற்றர் செல்லின்ர ரெண்டு ஜன்னலுக்கிடையில வாற ஃப்ரிஞ்ச் 0.01, அது மாடுலேசன் வீச்சுக்குள்ள பல தரம் ஓடி அழிஞ்சுபோகும், அது பெரிய பயமில்லை. 1 மில்லிமீற்றர் ஜன்னலுக்குள்ள வாறது 3.3, அது கோட்டைவிட எவ்வளவோ அகலம், பேஸ்லைன் சரிவாத்தான் தெரியும். இடைநடுவில நிக்கிறதுதான் கள்ளன்.

எவ்வளவு பெரிசா வரும் எண்டால், கோட்டிங் போட்ட கண்ணாடியில ஒரு பக்கத்துக்கு 0.25 வீதம் திரும்பி வருது எண்டு எடுங்கோ. ரெண்டு தரம் தெறிச்ச கதிர் நேராப் போற கதிரோட சேரேக்க கூடினபட்சம் ±0.5 வீத ஆட்டம். உங்கட 1000 பிபிஎம் சிக்னலே 2 வீதம்தான்! கோட்டிங் இல்லாத வெறுங்கண்ணாடி எண்டால் 4 வீதம் திரும்பும், ±8 வீதம் வரைக்கும் போகலாம், கதைச்சு வேலையில்லை.

இனி ஏசி. அலுமினியத் தட்டு ஒரு டிகிரிக்கு மீற்றருக்கு 23 மைக்ரோமீற்றர் நீளும். 8 சென்ரிமீற்றருக்கு 1.8 மைக்ரோமீற்றர். அரை அலைநீளம் 0.83 மைக்ரோமீற்றர் நகர்ந்தாலே ஒரு முழு ஃப்ரிஞ்ச் ஓடிடும். ஆக ஒரு டிகிரிக்கு ரெண்டுக்கு மேல. உங்கட அறை ஏசி ஒரு டிகிரி ஏறி இறங்கினால் சீரோ ரெண்டு தரம் மேலையும் கீழையும் போய் வரும். நீங்கள் சொன்ன கதையும் அதுதானே.

வாயுபுத்திரன்

அக்கா, அண்ணா எல்லாருக்கும் பெரிய கும்பிடு. எட்டலான் பக்கத்து லேபுல கெடைச்சது, ராம்ப ஆஃப் பண்ணி சைன் மட்டும் விட்டு எண்ணினேன். அஞ்சரை வரல. ரெண்டரைதான் வந்துச்சு. சைன் வேவோட உச்சில ஃப்ரிஞ்ச் பெருசா அகலமா திரும்புது, நடுவுல நெருக்கமா ஓடுது, பாக்கவே அழகா இருந்துச்சு. இன்னொன்னும் கவனிச்சேன், கரண்ட் உச்சிக்குப் போற நேரமும் ஃப்ரிஞ்ச் திரும்பற நேரமும் ஒண்ணா இல்ல, கொஞ்சம் தள்ளித்தான் திரும்புது, அக்கா சொன்ன ஃபேஸ் லேக் இதுதான்னு நெனைக்கிறேன்.

வீச்சு 0.06னு மாடல்ல மாத்திப் போட்டேன், ஃபேஸ் லேக்கையும் போட்டேன், ரேஷியோ செட்டப்போட மூணு நாலு சதவீதத்துக்குள்ள வந்துடுச்சு. வேற ஒண்ணும் தொடல.

கொலிமேட்டர்லேர்ந்து ஜன்னல் 9 செ.மீ. யாழ் அண்ணா பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்லிட்டீங்க.

இப்ப சைன் கரண்ட கூட்டி எம் 2.2க்குக் கொண்டு போகலாம்னு இருக்கேன். சரியா?

ஆப்டிக்ஸ்_அக்கா

கொண்டு போ, ஆனா ரேஷியோ ஏறும்னு எதிர்பார்த்து உக்காராத, எறங்கும். 2எஃப் 0.243லேர்ந்து 0.343க்கு ஏறும், ஆனா கரண்ட் 2.2 மடங்கு கூடினா 1எஃப்பும் 2.2 மடங்கு கூடும். வகுத்தா முன்ன இருந்ததுல மூணுல ரெண்டு பங்குக்குக் கீழதான் நிக்கும். பாக்கறவங்க "ஐயோ சிக்னல் போச்சே"ன்னுவாங்க. போகல, ரெண்டுமே பெருசாகியிருக்கு, நாய்ஸ் அப்படியே இருக்கு, அப்ப சிக்னல்-நாய்ஸ் முன்னவிட நல்லாதான் இருக்கும். இந்த மாதிரி எடத்துலதான் மாடல் கைல இருக்கறது தெம்பு, இல்லன்னா ராத்திரியெல்லாம் ஒயர புடுங்கிப் புடுங்கி மாட்டிட்டு இருப்போம்.

அப்புறம் நான் சொல்ல வந்ததே இதுதான், உன் மாடல் கடைசில அப்சார்பன்ஸ குடுக்கக் கூடாது, டிடெக்டர் வோல்ட்டேஜ குடுக்கணும். லேசர் ட்ரைவர்ல என்ன வேவ்ஃபார்ம் போடறியோ அதுதான் இன்புட், ஆசிலோஸ்கோப்ல என்ன தெரியுதோ அதுதான் அவுட்புட். நடுவுல லேசர் எப்படி நகருது, ஜன்னல் எப்படி ஆடுது, ஃபோட்டோடையோடு, ஆம்ப்ளிஃபையர், ஏடிசி (வோல்ட்டேஜ நம்பரா மாத்தற சிப்) எல்லாம் உள்ள இருக்கணும். கேஸ் அதுல ஒரு வரி. எல்லாரும் அந்த ஒரு வரிய பத்து டெசிமல் வரைக்கும் செதுக்கிட்டு மிச்சத்த "ஐடியல்"னு விட்டுடறாங்க.

அலைநீளம்

ஏடிசின்னதும் ஞாபகம் வருது. என்ன ஏடிசி? மைக்ரோகண்ட்ரோலர்ல வர்ற 12 பிட்டுன்னா ஒரு படி 1/4096, அதாவது 2.4×10⁻⁴. சாதாரண காத்துல இருக்கற 2 பிபிஎம் மீத்தேன் ஒரு மீட்டர்ல 8×10⁻⁵, ஒரு படில மூணுல ஒரு பங்கு. நேரா டிசி சிக்னல டிஜிட்டைஸ் பண்ணினா நாய்ஸும் ஆவரேஜிங்கும்தான் காப்பாத்தணும். 10 கிலோஹெர்ட்ஸ் சுத்தி மட்டும் ஃபில்டர் பண்ணி கெயின் கூட்டி எடு, இல்ல 16 பிட்டுக்கு மேல போ. சிமுலேஷன்ல குவாண்டைசேஷன ஒரு வரில போட்டுப் பாத்தாலே புரிஞ்சிடும், ஆர்டர் போடறதுக்கு முன்னாடி செய்.

இன்னொரு பக்கமும் யோசி. லீக் பெருசா இருந்தா? மீத்தேன் தீப்புடிக்கற கீழ் எல்லை காத்துல 5 சதவீதம். 5 சதவீதம் ஒரு மீட்டர்ல இருந்தா அப்சார்பன்ஸ் 2, லேசர்ல 13, 14 சதவீதம்தான் அந்தப் பக்கம் போகும். அங்க 2எஃப் ப்ரொபோர்ஷனலா ஏறும்ங்கற கதையே செல்லாது, வளைஞ்சு அமுங்கிடும். எக்ஸ்பொனென்ஷியல சுருக்கி நேர்கோடாக்கின ஃபார்முலாவ வச்சிருந்தா, ஆபத்து அதிகமா இருக்கற எடத்துல சென்சார் கம்மியா சொல்லும். பாதுகாப்பு சாமானுக்கு இதவிட மோசமான குணம் இல்ல.

செவ்வாய்தோஷம்

சம்பந்தம் இருக்கா இல்லையான்னு தெரியல, ஆனா இத படிக்கறப்ப கியூரியாசிட்டி ரோவர் ஞாபகம் வந்துச்சு. 2012ல செவ்வாய்ல எறங்கினதுல ஒரு லேசர் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கு, டிஎல்எஸ். அது 3.27 மைக்ரான்ல பாக்குது, உங்க 1.65 மைக்ரான் ஓவர்டோன்விட கோடுங்க நூறு மடங்கு கிட்ட பலம். 20 செ.மீ. நீள செல்லுக்குள்ள கண்ணாடிக்குக் கண்ணாடி தெறிச்சு 81 தடவ கடந்து 16.8 மீட்டர் பாதை கெடைக்குது. அதுல சராசரியா 0.4 பிபிபி மீத்தேன்னு சொன்னாங்க. பிபிஎம் இல்ல, பிபிபி, நூறு கோடில ஒரு பங்கு.

இதுல வேடிக்கை என்னன்னா, லேசருக்கும் செல்லுக்கும் நடுவுல ஒரு சின்ன அறை இருக்கு, அதுக்குள்ள பூமிக் காத்து, ஃபுளோரிடாவுல புடிச்சுட்டுப் போனது, அதுல இருந்த மீத்தேனும் சிக்னல்ல வந்துச்சு. செல்ல காலி பண்ணி ஒரு தடவ, நெரப்பி ஒரு தடவ எடுத்து கழிச்சுத்தான் நம்பர் சொன்னாங்க. அப்புறம் செவ்வாய மேல சுத்தற டிஜிஓ விண்கலம் பாத்துட்டு 2019ல, அப்படி ஒண்ணும் தெரியல, இருந்தா 0.05 பிபிபிக்குள்ளதான்னு சொல்லிடுச்சு. இன்னும் சண்டை தீரல. நம்ம மங்கள்யான்லயும் மீத்தேன் சென்சார் போச்சு, ஆனா அது லேசர் இல்ல, மேலேர்ந்து தரைல பட்டு வர்ற சூரிய வெளிச்சத்த ஃபாப்ரி-பெரோ ஃபில்டர்ல பாக்கறது.

ஆப்டிக்ஸ்_அக்கா

சம்பந்தம் நல்லாவே இருக்கு. செல்லுக்கு வெளில இருக்கற காத்தும் பாதைதான். தம்பிக்கு அது பிரச்சனை இல்ல, 30 செ.மீ. ரூம் காத்துல 2 பிபிஎம்னா 0.6 பிபிஎம்-மீட்டர், 500க்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. ஆனா இதே ஆள் நாளைக்கு ஆக்சிஜன் 760 நானோமீட்டர்ல பண்ணினா வெளிக்காத்துல 21 சதவீதம் உக்காந்திருக்கும், நைட்ரஜன் ஊதி வெரட்டாம ஒண்ணும் நடக்காது. தண்ணி ஆவி, கார்பன் டை ஆக்சைடுக்கும் இதே கதி.

கழிவுநீர்_கணக்கு

ஒரு கேள்வி. செப்டிக் டேங்க்ல எறங்கறவங்க விஷவாயு அடிச்சு சாகறது இன்னும் நிக்கல. இந்த லேசர வச்சு ஹைட்ரஜன் சல்ஃபைட மேலேர்ந்தே பாக்க முடியாதா? உள்ள சென்சார எறக்காம?

அலைநீளம்

முடியும், ஆனா செலவுக்கு ஏத்த பலன் இல்ல. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு சீப்பா லேசர் கெடைக்கற எடம் 1578 நானோமீட்டர். அங்க கோடு மீத்தேன்விட இருபது முப்பது மடங்கு வீக், பக்கத்துலயே கார்பன் டை ஆக்சைடு கோடுங்க வேற, டேங்க்குள்ள அதுக்குக் குறைச்சல் இல்ல. 10 பிபிஎம்லயே எச்சரிக்கை அடிக்கணும், 100 பிபிஎம்னா உடனடி உயிராபத்து. 10 பிபிஎம் ஒரு மீட்டர்ல அப்சார்பன்ஸ் 10⁻⁵ அளவுக்குத்தான் வரும், மேல ஒருத்தர் சொன்னாரே, கோட்டிங் போட்ட ஜன்னலோட ஆட்டமே 5×10⁻³. அந்த வேலைக்கு கைல புடிக்கற எலக்ட்ரோகெமிக்கல் சென்சார கயித்துல கட்டி எறக்கறதுதான் சரி, சில ஆயிரம் ரூபாய்ல முடியும். அதவிட முக்கியம், பாதுகாப்புக் கருவி இல்லாம ஆள எறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் இருக்கு. அது சென்சார் பிரச்சனை இல்ல.

பட்டறை_முருகேசு

எல்லாத்தையும் படிச்சேன். ஊட்டி கணக்கு நல்லா இருந்துச்சு, நான் சிக்னல் எறங்கும்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒண்ணு சொல்றேன், எத்தன மாடல் போட்டாலும் கடைசில ஜன்னல்ல தூசி படியும், பல்லி எச்சம் போடும், ஒயர எலி கடிக்கும். அதுக்கு ஃபார்முலா இருக்கா?

யாழ்_ஒளி

தூசிக்கு இருக்கு, அதுதானே 1எஃப்பால வகுக்கிறது. வெளிச்சம் பாதியானாலும் ரேசியோ நிக்கும். எலிக்கு இல்லை.

வாயுபுத்திரன்

😄 சரி, இப்ப ஜன்னல் விஷயம். ரெண்டு பக்கமும் இணையா இல்லாம லேசா ஆப்பு மாதிரி சீவின வெட்ஜ் ஜன்னல் வாங்கலாமா, இல்ல இருக்கற ஜன்னலயே சாய்ச்சு வச்சா போதுமா? பட்ஜெட் இடிக்குது. ஜன்னலுக்கும் கொலிமேட்டருக்கும் நடுவுல இருக்கற தூரத்த மாத்தினா?

யாழ்_ஒளி

முதல்ல இருக்கிறதைச் சாய்ச்சுப் பாருங்கோ, தெறிச்ச கதிர் கொலிமேற்றருக்குள்ள திரும்பிப் போகாத அளவுக்கு, ஒரு சில டிகிரி போதும். வெட்ஜ் ஜன்னலுக்குள்ள வாற ஃப்ரிஞ்சைத்தான் சாக்கொல்லும், கொலிமேற்றரோட வாறதுக்குச் சாய்வுதான் மருந்து. தூரத்தை மாத்துறதெண்டால் 9 சென்ரிமீற்றரை 40க்குக் கொண்டு போங்கோ, இல்லாட்டி கொலிமேற்றரை ஜன்னலோட ஒட்டி வையுங்கோ. இடையில வைக்காதேங்கோ. டிடெக்டரின்ர முகக் கண்ணாடியையும் மறக்கக்கூடாது, அதுவும் ஒரு ஜன்னல்தான்.

ஆப்டிக்ஸ்_அக்கா

சாய்க்கறதுக்கு முன்னாடி நைட்ரஜன விட்டுட்டு ஒரு மணி நேரம் லாக் பண்ணு, 2எஃப் எக்ஸ், வை, 1எஃப், தட்டோட டெம்பரேச்சர், நாலும் ஒரே ஃபைல்ல. சாய்ச்சதுக்கப்புறம் அதே மாதிரி இன்னொண்ணு. டெம்பரேச்சரோட ஆட்டம் ஒரு டிகிரிக்கு ரெண்டு ரெண்டரை சுத்தா இருந்தா அது கொலிமேட்டர் ஃப்ரிஞ்ச், வேற மாதிரி இருந்தா வேற எங்கயோ. அந்த ரெண்டு ஃபைலையும் இங்க போடு, நான் ஆலன் வேரியன்ஸ் போட்டுப் பாக்கறேன், எத்தன நொடி ஆவரேஜ் பண்ணலாம்னு தெரிஞ்சிடும். சிஎஸ்வியா போடு, ஸ்க்ரீன்ஷாட் போடாத.